மகள் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள்: எங்கே விண்ணப்பிப்பது, எதைப் பார்த்துச் சேர்ப்பது?

மளிகைக்கடை_சிவகாசி

எல்லோருக்கும் வணக்கம். சிவகாசிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகள் இந்த ஆண்டு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியல் 74, வேதியியல் 83, உயிரியல் 91, கணிதம் 70. நீட் எழுதவில்லை, எழுதும் எண்ணமும் அவளுக்கு இல்லை. ஊட்டச்சத்தும் நோயாளிக்கான உணவுமுறையும் சொல்லித்தரும் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

இந்த ஆசை அவளுக்கு எந்த நாளில் வந்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு, மதுரையில் டயாலிசிஸ். தொடங்கிய புதிதில் நாங்கள் ஆளுக்கொரு பத்தியம் வைத்தோம். பருப்பு கூடாது, முட்டை கூடாது, தினம் ஒரு இளநீர். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று கடையில் நானே விற்கிற லோ சோடியம் உப்பைக் கொண்டுவந்து சமையலுக்குக் கொடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

அங்கே இருந்த டயட்டீஷியன், சின்ன வயசுப் பிள்ளைதான், வீட்டில் என்னென்ன சமைக்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. உப்பு என்ன உப்பு என்று கேட்டது. அடுத்த முறை பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னது. கொண்டுபோனதும் என் மகள் கையில் கொடுத்து, பின்பக்கம் இருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னது. பொட்டாசியம் குளோரைடு. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். சோடியத்தைக் குறைக்க அதில் பொட்டாசியத்தைச் சேர்க்கிறார்கள், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது ஆபத்து என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. அதே பொட்டாசியத்துக்காக இளநீரையும் நிறுத்தினோம். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத் தாளிக்கப் பழகினோம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புரதம் கூடுதலாக வேண்டும் என்று தினம் வெள்ளைக்கரு கொடுக்கச் சொன்னது. அம்மா இப்போது பரவாயில்லை.

அன்றைக்கு முடிவு செய்தவள்தான் இவள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் இந்தப் படிப்புக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறார்கள். எது சரி? வேலை கிடைக்குமா? சொந்தக்காரர்கள், "சமையல் கற்க மூணு வருஷமா?" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_டயட்டீஷியன்_கோவை

அண்ணே, வணக்கம். 11 வருடமாக மருத்துவமனை டயட்டீஷியனாக இருக்கிறேன். உங்கள் உப்புக் கதையைப் படித்ததும் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. இது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, பாசத்தில்தான் செய்கிறார்கள்.

சமையல் படிப்பு என்கிறவர்களுக்காக என் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஏழரைக்கு வார்டு பட்டியலை எடுப்போம். முந்தைய நாள் இரவு சேர்ந்தவர் யார், யாருக்கு இன்று அறுவை சிகிச்சை, யாருக்கு மூக்கு வழிக் குழாயில் உணவு போகிறது என்று பார்த்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவோம். எடை குறைந்திருக்கிறதா, எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, ரத்தப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்ப்போம். குழாய் உணவு என்றால் ஒரு மில்லிக்கு எத்தனை கலோரி, இரண்டு மணிக்கு ஒருமுறை எத்தனை மில்லி, புரதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு டாக்டரிடம் பேச வேண்டும். பதினொரு மணிக்கு அடுப்படியில் நின்று, சர்க்கரை நோயாளியின் தட்டு, உப்பில்லாத் தட்டு, கஞ்சித் தட்டு ஆகியவை மாறிப் போகாமல் பார்க்க வேண்டும்.

இத்தனையிலும் கடினமானது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. முந்தைய 24 மணி நேரத்தில் உள்ளே போன எல்லாவற்றையும் நினைவுபடுத்திச் சொல்ல வைக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. "காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சூண்டு சோறு, அவ்வளவுதாம்மா" என்றார். நான் எழுதிக்கொண்டேன். அப்புறம் ஊர்க் கதை பேசினோம். தோப்புக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், வழியில் யாரைப் பார்ப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், பத்து மணிக்கு டீக்கடை வருகிறது. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ, நாலு வர்க்கி. மூன்று மணிக்குத் திரும்பவும் அதே. "ஐயா, இதைச் சொல்லலையே?" என்றேன். "அது சாப்பாடாம்மா? டீ தானே!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. அதைத் தெரிந்துகொள்கிற பொறுமை இருக்கிறவர்தான் இந்த வேலைக்குச் சரி.

இப்போது படிப்பு. மூன்று வருட பிஎஸ்சியோடு பெரிய மருத்துவமனையில் நிலையான டயட்டீஷியன் வேலை கிடைப்பது சிரமம் என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள். பிஎஸ்சி முடித்து இரண்டு வருட எம்எஸ்சி, பிறகு மருத்துவமனையில் 6 மாதம் இன்டர்ன்ஷிப், அதற்குப் பிறகு இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் ஆர்டி தேர்வு. ஆர்டி என்றால் பதிவு பெற்ற டயட்டீஷியன். 1963-இல் தொடங்கிய சங்கம் அது. நல்ல மருத்துவமனைகளில் நேர்காணலில் முதலில் கேட்பதே "ஆர்டி முடித்தாயிற்றா?" என்பதுதான். ஆக, மொத்தம் ஐந்தரை, ஆறு வருடத் திட்டம் இது. அதற்குத் தயாராக இருந்தால் தைரியமாகப் போடுங்கள்.

ரெண்டாம்_வருஷம்

அண்ணா, நான் இதே படிப்பில் இரண்டாம் வருடம். பிளஸ் டூவில் வேதியியல் வராமல் இந்தப் பக்கம் தப்பித்து வந்ததாக நினைத்துக்கொண்டு சேரும் பிள்ளைகள் நிறைய. வந்த பிறகு அழுகிறார்கள். முதல் வருடத்திலேயே உணவு வேதியியல், உடலியங்கியல், அப்புறம் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று வரிசையாக வரும். உங்கள் மகளுக்கு வேதியியலில் 83. பயமே வேண்டாம்.

முக்கியமான ஒன்று. விளம்பரத் தாளில் "மருத்துவமனைப் பயிற்சி உண்டு" என்று போட்டிருந்ததை நம்பித்தான் நான் சேர்ந்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். இரண்டு வருடத்தில் நாங்கள் மருத்துவமனைக்குப் போனது ஒரே நாள். பேருந்தில் கூட்டிப் போனார்கள், சமையற்கூடத்தை வெளியே நின்று பார்த்தோம், ஒரு ஹாலில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார்கள், குரூப் போட்டோ எடுத்தோம், திரும்பிவிட்டோம். ஒரு நோயாளியிடமும் பேசவில்லை. சேரும் முன்பு, "எந்த மருத்துவமனை, எத்தனை வாரம், வார்டுக்குள் விடுவார்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சீனியர் அக்காக்களிடம் கேட்டால் இன்னும் நல்லது.

மனையியல்_பேராசிரியை

தம்பி, நான் மனையியல் துறையில் 30 வருடம் கற்பித்து ஓய்வு பெற்றவள். பெயர்க் குழப்பத்தை நான் தீர்த்து வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு மனையியலின் வயிற்றிலிருந்து பிறந்தது. அதனால்தான் சில இடங்களில் இன்னும் பிஎஸ்சி ஹோம் சயின்ஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது. வேறு இடங்களில் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், நியூட்ரிஷன் ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மென்ட் அண்ட் டயட்டெடிக்ஸ், ஃபுட் சயின்ஸ் அண்ட் நியூட்ரிஷன் என்றெல்லாம் வரும். இவை ஏறக்குறைய ஒரே குடும்பம். பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். உடலியங்கியல், உயிர்வேதியியல், இரண்டு பருவமாவது டயட்டெடிக்ஸ், சமுதாய ஊட்டச்சத்து, இவை செய்முறையோடு இருந்தால் எம்எஸ்சிக்கு வழி திறந்தே இருக்கும். ஃபுட் டெக்னாலஜி, ஃபுட் பிராசசிங் என்றிருந்தால் அது வேறு தொழில். தொழிற்சாலை, தரக் கட்டுப்பாடு என்று போகும். நல்ல படிப்புதான், ஆனால் உங்கள் மகள் கேட்பது அதுவல்ல. கேட்டரிங் சயின்ஸ் ஹோட்டலுக்குரியது.

விண்ணப்பம் இரண்டு வழி. அரசுக் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் ஒரே விண்ணப்பம். கடந்த ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். மொழிப் பாடங்களை விட்டு மற்ற நான்கு பாடங்களையும் 400-க்குக் கூட்டித் தரவரிசை போடுவார்கள். உங்கள் மகளுக்கு 318 வருகிறது. சென்னை ராணி மேரி கல்லூரியில் மனையியல் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் எல்லா மாவட்ட அரசுக் கல்லூரியிலும் இந்தத் துறை கிடையாது, அதனால் ஊர் ஊராகத் தேடித்தான் குறிக்க வேண்டும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் அவரவர் இணையதளத்தில் தனித்தனி விண்ணப்பம். ஒரே கல்லூரியில் ஒரு பிரிவு எய்டட் (அரசு உதவி பெறுவது), இன்னொரு பிரிவு செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) என்று இருக்கலாம். பாடம் அதுவே, கட்டணம் பல மடங்கு வேறுபடும். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். கோவை அவினாசிலிங்கம், பெண்களுக்கான நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 1988 முதல் அந்தத் தகுதியோடு இருக்கிறது. அதன் சேர்க்கையும் தனி.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே பதிவு செய்வார்கள். மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, சொந்தக்காரர்களுக்குச் சொல்ல. இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியது நம் குன்னூரில்தான். 1918-இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோய் பற்றி ஆராயத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது. தீட்டிய அரிசியில் தவிட்டோடு போய்விடும் தயமின் என்ற வைட்டமின் இல்லாமல் வந்த நோய் அது. சோற்றுப் பானையிலிருந்து தொடங்கிய விஞ்ஞானம் இது, தம்பி. சமையல் என்று யாராவது சொன்னால் மகள் தலை குனிய வேண்டியதில்லை.

நேர்மையாகச்_சொல்கிறேன்

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். என் அக்கா எம்எஸ்சி முடித்தவர். முதல் வேலையில் மாதம் 9,000 ரூபாய். அதே மருத்துவமனையில் அதே வருடம் சேர்ந்த நர்ஸ் அதைவிட அதிகம் வாங்கினார். மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார். ஒரு மளிகைக் கடை வருமானத்தில் ஆறு வருடம் படிக்க வைப்பது சாதாரணம் இல்லை. 91 உயிரியல் மதிப்பெண்ணுக்கு பிஎஸ்சி நர்சிங் போடலாமே? மகளின் ஆசையைக் குறை சொல்லவில்லை. வீட்டு நிலைமையையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வார்டு_டயட்டீஷியன்_கோவை

மேலே சொன்னதை மறுக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் குறைவுதான். நூறு படுக்கைக்கு ஒரே ஒரு டயட்டீஷியனை வைத்துக்கொண்டு சமாளிக்கும் இடங்கள் உண்டு. உங்கள் அக்காவுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. ஆர்டி முடித்த பிறகும், சிறுநீரகப் பிரிவில் தனிப் பயிற்சி எடுத்த பிறகும்தான் என் நிலைமை மாறியது. அதற்கு நான்கு வருடம் ஆனது.

ஆனால் நர்சிங்கை மாற்றாகச் சொல்லாதீர்கள். அது வேறு உழைப்பு, வேறு மனசு. விருப்பம் இல்லாமல் போனால் பிள்ளையும் கஷ்டப்படும், நோயாளியும் கஷ்டப்படுவார்.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதுவரை இந்தத் தொழிலுக்குச் சட்டப்படி ஓர் அடையாளம் இல்லை. மூன்று மாதச் சான்றிதழ் வாங்கியவரும், புரத மாவு விற்பவரும் பலகையில் டயட்டீஷியன் என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்த டயட்டைப் பின்பற்றி மயங்கி விழுந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ஆணையம் 2025-இல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸுக்கு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. அதனால் கல்லூரியில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: "ஆணையத்தின் பாடத்திட்டத்துக்கு நீங்கள் மாறுகிறீர்களா?" கேள்வியே புரியாதது போல் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மறுவாழ்வு_மையம்

மருத்துவமனை ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். நான் அரசு மருத்துவமனையில் உள்ள ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். மிகவும் மெலிந்த குழந்தைகள் இங்கே சேர்க்கப்படுவார்கள். புஜத்தில் நாடாவைச் சுற்றினால் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, சிவப்புப் பகுதி. இந்தப் பிள்ளைகளுக்கு முதல் நாளே நிறையக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. 100 மில்லிக்கு 75 கலோரி உள்ள பாலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, நிலைமை தேறியதும் 100 கலோரி உள்ளதற்கு மாற்றுவோம். "பிள்ளை பசிக்குதுன்னு அழுவுது, இன்னும் கொஞ்சம் குடுங்க" என்று தாய் கையைப் பிடித்துக் கெஞ்சும்போது, இல்லை என்று சொல்லி, ஏன் என்று புரிய வைக்க வேண்டும். பத்து நாள் கழித்து அதே பிள்ளை கிண்ணத்தைத் தட்டிச் சத்தம் போடும்போது கிடைக்கிற சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

அங்கன்வாடித் திட்டம், மத்திய அரசின் ஊட்டச்சத்துத் திட்டமான போஷன் அபியான், சத்துணவு என்று அரசின் வேலைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்தம், சம்பளம் சுமார்தான். எம்எஸ்சிக்குப் பிறகு மனையியல் பாடத்தில் யுஜிசி நெட் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகவும் போகலாம்.

திருச்சி_பையன்

பசங்க சேரலாமா? நான் கேட்ட இடமெல்லாம் பெண்கள் கல்லூரி. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மனையியல்_பேராசிரியை

தாராளமாகச் சேரலாம், தம்பி. கோவை பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரி இருபாலர் கல்லூரி, அங்கே இந்தத் துறை இருக்கிறது. முதுநிலைக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் எம்எஸ்சி அப்ளைடு நியூட்ரிஷன் இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இடங்கள் சில மட்டுமே. விளையாட்டு ஊட்டச்சத்தில் ஆண்களுக்கு நல்ல தேவை இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உனக்கும் மாதம் 1,000 உண்டு. சிரிப்பவர்கள் கொஞ்ச நாள் சிரிக்கட்டும்.

வேலையோடு_படிப்பு

நான் பிஎஸ்சி முடித்துவிட்டு ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். எம்எஸ்சி டயட்டெடிக்ஸ் அஞ்சல் வழியில் போடலாமா? ஒரு மையத்தில் பணம் கட்டினால் உடனே இடம் என்கிறார்கள்.

வார்டு_டயட்டீஷியன்_கோவை

கட்டாதீர்கள்! 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், ஃபுட் அண்ட் நியூட்ரிஷன் சயின்ஸ் போன்ற படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. உளவியலுக்கும் அதே தடை. அதற்குப் பிறகும் யாராவது புதிதாகச் சேர்க்கை போடுகிறார்கள் என்றால், யுஜிசி இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். நேரடி எம்எஸ்சி முடியாது என்றால், முழுநேர பிஜி டிப்ளமா ஒரு வருடத்தில் முடியும். வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைக்குள்ளேயே படிப்பது தனிப் பயன்.

லண்டன்_தமிழச்சி

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பெயரைச் சட்டம் காக்கிறது. சுகாதாரத் தொழில்முறையினரைப் பதிவு செய்யும் எச்சிபிசி அமைப்பில் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நியூட்ரிஷனிஸ்ட் என்பதற்கு அந்தக் காவல் இல்லை. எம்எஸ்சி நியூட்ரிஷன் என்று ஒரு வருடப் படிப்பை ஏஜென்ட் காட்டினால், அது பதிவுக்குத் தகுதி தரும் படிப்பா என்று எச்சிபிசி பட்டியலில் தேடுங்கள். இங்கே வந்து பெரும் கடனோடு படித்து முடித்து, பதிவு கிடைக்காமல் கடையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் ஆர்டி தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும்.

மளிகைக்கடை_சிவகாசி

எல்லோருக்கும் கை கூப்பி நன்றி. கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, மகளோடு இரண்டு கல்லூரிக்கு நேரில் போய் வந்தேன். நீங்கள் சொன்ன கேள்விகளை மகள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

முதல் இடத்தில் கட்டடம் பளபளவென்று இருந்தது. செய்முறைக் கூடத்தைக் காட்டச் சொன்னோம். சாவி இல்லை என்றார்கள். எந்த மருத்துவமனை என்று கேட்டதற்கு, "எல்லாம் ஏற்பாடு பண்ணுவோம் சார்" என்றார்கள். பாடத்திட்டம் பற்றிக் கேட்டதற்குக் கட்டண ரசீது எப்போது வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள்.

இரண்டாவது இடத்தில் கட்டடம் பழசு. துறைத் தலைவர் அம்மா கூடத்தைத் திறந்து காட்டினார். எட்டு அடுப்பு, ஒவ்வொரு மேடையிலும் ஒரு தராசு, சுவரில் கப்பும் கரண்டியும் அளவு வரிசைப்படி தொங்கின. இறுதியாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சிறுநீரக நோயாளிக்கான ஒரு நாள் உணவைச் சமைத்து, பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். மேசையில் 528 உணவுப் பொருள்களின் சத்து அளவு போட்ட, ஹைதராபாத் நிறுவனத்தின் 2017 அட்டவணை. மகள் அதில் துவரம்பருப்பைத் தேடிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் இருபது வருடமாக மூட்டை மூட்டையாக விற்கிற பருப்பு. அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மருத்துவமனைப் பயிற்சி இரண்டாம் வருட விடுமுறையில் நான்கு வாரம், வார்டுக்குள்தான் என்று போன வருடப் பிள்ளைகளின் கையேட்டையே எடுத்துக் காட்டினார்கள்.

அங்கே எய்டட் பிரிவுக்குப் போட்டிருக்கிறோம். டிஎன்ஜிஏஎஸ்ஏவிலும் போட்டாயிற்று. நேர்மையாகச்_சொல்கிறேன் தம்பி, நீங்கள் சொன்னதை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினோம். ஆறு வருடக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தோம். விடுதி இல்லாமல் என் தங்கை வீட்டில் தங்கிப் படிப்பதாக இருந்தால் சமாளிக்கலாம். எம்எஸ்சிக்கு அப்போது பார்க்கலாம்.

மகள் ஒன்று கேட்க வேண்டும் என்கிறாள். அவளே எழுதுகிறாள்.

அக்கா, வணக்கம். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை நான் எதைப் படிக்கட்டும்?

வார்டு_டயட்டீஷியன்_கோவை

வாம்மா! உன்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் இப்போது வேண்டாம். உயிர்வேதியியல் தானாக வந்து உன்னைப் பிடித்துக்கொள்ளும். உன் வீட்டில் சோறு போடும் கரண்டி எது? அதில் ஒரு கரண்டி என்றால் எத்தனை கிராம்? அப்பா கடையில் தராசு இருக்குமே. நோயாளி "ரெண்டு கரண்டி" என்று சொல்லும்போது உன் கண் முன்னால் ஒரு எடை வர வேண்டும். டம்ளர், குழம்புக் கரண்டி, எண்ணெய்க் கரண்டி எல்லாவற்றையும் அளந்து வை.

மளிகைக்கடை_சிவகாசி

அக்கா, மகள்தான். அளந்துவிட்டேன். தட்டை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதே குழிக்கரண்டியால் மூன்று பேர் போட்டோம். நான் போட்டால் 84 கிராம். அப்பா போட்டால் 97. அம்மா போட்டால் 112. எதை எழுதட்டும்?

வார்டு_டயட்டீஷியன்_கோவை

அப்பத்தாவுக்கு யார் பரிமாறுகிறார்கள்?

மளிகைக்கடை_சிவகாசி

அம்மாதான் அக்கா.

வார்டு_டயட்டீஷியன்_கோவை

அப்படியானால் அப்பத்தாவின் கணக்கில் 112.